சோழகப் பக்கம்

கண்ணாடியின் ரப்பர் பட்டை உரசித்தான்
என்று நினைத்திருந்தேன்.
பாசி எடுக்கிறவள் வலது பொட்டில்
புண் வராமல் பூவா பூக்கும்?
மஞ்சள் வைத்தேன். வேப்பெண்ணெய் வைத்தேன்.
ஒரு வாரம் ஆறியது போலிருக்கும், பிறகு
நண்டு வளை மாதிரி
மெல்லத் திறந்துகொள்ளும்.
ஒன்பது மாதம்.
பிள்ளையே பெற்றிருக்கலாம் என்றாள் ரீத்தம்மாள்.

ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரியில்
தோல் டாக்டர் மெஹருன்னிஸா
விளக்கு வைத்த லென்ஸில் பார்த்துவிட்டு
"பிறந்ததிலிருந்தே இந்த நிறமா?" என்றார்.

கருவாட்டு நிறத்து அப்பனுக்கும்
பனங்கட்டி நிறத்து அம்மாவுக்கும்
சுண்ணாம்பாய்ப் பிறந்தவள்.
கோயிலில் கித்தேரி, ஊரில் வெள்ளச்சி.
கரையில் என் கண் நிற்காமல் ஆடும்,
கூசிக் கூசி ஒழுகும்.
தண்ணிக்குள் இரண்டு பாகம் இறங்கினால் அடங்கிவிடும்.
எனக்குப் பகல் அங்கேதான்.

"வெயில் செய்த வேலை இது."

வெயிலுக்குப் பயந்துதானே
கடலுக்குள் போனேன், டாக்டர்.

"மூச்சு வாங்க மேலே வருவீங்கல்ல?"
வருவேன்.
"அந்த மூச்சுலதான்."

ஒருக்களித்துப் படுக்க வைத்து
ஊதாப் பேனாவால் புண்ணைச் சுற்றி ஒரு கோடு.
அதற்கு வெளியே, நல்ல தோலில், இன்னொன்று.
அது நல்ல தோலாச்சே?
"பார்க்க அப்படித்தான் இருக்கும்."

கோடு எனக்குப் புதிதல்ல.
தீவைச் சுற்றி வனத்துறை போட்ட கோட்டைத் தாண்டினேன் என்று
சாக்கையும் கால்தட்டையும் பறித்தார்கள் ஒருநாள்.
தண்ணியில் எங்கே கோடு என்றேன்.
மிதவையைப் பார் என்றார்கள்.
மிதவை அறுந்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

நாலு ஊசி, கெளுத்தி முள் போல.
பிறகு நெற்றி என்னுடையதாக இல்லை.
வலி போய்விட்டது, சத்தம் போகவில்லை:
பாரிலிருந்து கட்டக்கோரை கிள்ளும்போது
தண்ணிக்குள் கேட்கிற அதே நறநற.
வேரை விட்டுக் கிள்ளு, மறுபடி வளரட்டும் —
பாசிக்கு நாங்கள் போட்டுக்கொண்ட சட்டம்.
இங்கே அப்படியே தலைகீழ்.
கருகும் வாசம் வந்தது.
யார் எதைச் சுடுகிறார்கள் என்று யோசித்தேன்.
நான்தான்.

எடுத்த துண்டைக் காட்டச் சொன்னேன்.
காரல் குஞ்சு அளவு, அதே வடிவம்.
ஒரு முனையில் கறுப்பு நூல் முடிச்சு.
"மதுரையில பார்க்கிறவங்களுக்கு
எது மேல்னு தெரியணும்."
மேல்னா வாடையா?
டாக்டரின் கை நின்றது.
உச்சிப் பக்கம் வாடை, தாடைப் பக்கம் சோழகம்,
மூக்குப் பக்கம் கொண்டல், காதுப் பக்கம் கச்சான்
என்று படுத்தபடியே சொன்னேன்.
"கீழக்கரைக்காரிக்கே பாடமா?" என்று சிரித்து
மறுபடி ஊசியைக் கோத்தார்.
பதினோரு தையல்.

துண்டு பாட்டிலில் ஏறி
மதுரைக்குப் போனது, என்னை விட்டுவிட்டு.
நான் இன்னும் மதுரை பார்த்ததில்லை.

தலை நனையக்கூடாது என்பதால்
பாம்பன் கரையில் முக்காடிட்டு உட்கார்ந்து
அடுத்தவள் பாசியைக் காயவைத்துக்கொண்டிருந்தேன்.
பதினாலாம் நாள் போன்.

"கித்தேரி, வாடை சுத்தம்.
கொண்டல் சுத்தம்.
கச்சான் சுத்தம்."

அப்புறம் அவர் பேசவில்லை.
நானே சொன்னேன்: சோழகம்.
"மயிரிழைதான். செவ்வாய்க்கிழமை வந்துடுங்க.
இன்னும் கொஞ்சம் எடுத்துடலாம்."

வள்ளங்கள் கட்டிக் கிடந்தன.
அன்றைக்கும் அதே காற்றுதான்,
காய்ந்த பாசியில் மணலை வாரிப் போட்டது.
உதறினேன். வேறென்ன செய்ய.

சாயங்காலம் ரீத்தம்மாள் ஒரு தொப்பி கொண்டுவந்தாள்.
தேர்தலுக்குக் கொடுத்தது, அகல விளிம்பு,
முன்னால் கட்சிச் சின்னம்.
இதைப் போட்டுக்கொண்டு கடலுக்குள் போனால்
மீன்கூட ஓட்டுக் கேட்கும் என்று
கத்தரியை எடுத்தாள்.

ஒட்டி வெட்டாதே, என்றேன்.
சுற்றி ஒரு விரல் விட்டு வெட்டு.

ஓட்டைக்குப் பழைய கைலித் துணி இருக்கிறது.