இடப்பக்கக் கண்ணாடியில் வானம்

மூன்று வாரமாக இடப்பக்கக் கண்ணாடியில்
வானம் மட்டும்தான் தெரிகிறது என்றார் செவேக்மித்.
அதுவும் உலான்பத்தாரின் ஜனவரி வானம்,
நிலக்கரிப் புகையேறி
துவைத்தும் வெளுக்காத துணி.

பனி சுரண்டும்போது யாரோ மேலே தள்ளியிருக்கிறார்கள்.
பொத்தானை அமுக்கினால் இறங்க மாட்டேன் என்கிறது.

ஜப்பானில் பிறந்த டாக்சி. ஸ்டியரிங் வலப்பக்கம்,
ஓடுகிற சாலையும் வலப்பக்கம்.
முந்துகிறவர்கள் எல்லாம்
அவருக்கு எட்டாத அந்த இடப்பக்கமாகத்தான் வருவார்கள்.
"நேற்று ஒரு பஸ். ஒரு விரல் இடைவெளி."
விரலைக் காட்டினார். கையுறை போட்ட விரல்,
கொஞ்சம் தாராளமாகவே தெரிந்தது.

வலக்கண்ணாடி சொன்ன பேச்சு கேட்கிறது.
ஆக, ஃபியூஸ் மேல் பழியில்லை.
மோட்டார்தான் போயிருக்கும் என்று
மேலங்கிக்குள்ளிருந்து ஒரு பொட்டலம் எடுத்தார்,
அறுபதாயிரம் துக்ரிக்.
பிரிக்காதீர்கள் என்றேன்.

மைனஸ் இருபத்தெட்டில் கிளிப்புகள் பிஸ்கட்.
தலை உலர்த்தும் மெஷினால் சூடு காட்டி, கெஞ்சி,
கண்ணாடியைக் கழற்றினேன்.
கனெக்டரைப் பிரித்து மீட்டர் முள்ளை வைத்தேன்.
"அமுக்கிப் பிடியுங்கள்."
பன்னிரண்டு புள்ளி ஒன்று.
"பார்த்தாயா, கரண்ட் வருகிறது! மோட்டார்தான்!"

பழைய பைக் பேட்டரியிலிருந்து
மோட்டாருக்கு நேராகக் கொடுத்தேன்.
ங்ங் என்று முனகி, தட்டு சாய்ந்தது.
அவர் பொட்டலத்தைப் பார்த்தார்.

மீட்டர் பிறரைச் சிரமப்படுத்தாத விருந்தாளி.
இருக்கிறாயா என்று கேட்கும்,
இருக்கிறேன் என்றால் போய்விடும்.
பல்பு அப்படியில்லை. அது வேலை வாங்கும்.
அதே இரண்டு முள்ளில் பல்பை வைத்தேன்,
இழை சிவக்கக்கூட இல்லை.
பேருக்குப் பன்னிரண்டு.

"இந்தக் கதவை ஒரு நாளைக்கு எத்தனை பேர் திறப்பார்கள்?"
எண்ண ஆரம்பித்தார்.
செல்லோ தூக்கிவரும் பள்ளிக்கூடப் பெண்,
பாதி ஆட்டை மடியில் வைத்துக்கொண்ட அம்மாள்,
வெள்ளி இரவு ஏறி, பணத்துக்குப் பதில்
கதவை அறைந்துவிட்டுப் போன ஒருவன்...
நாற்பதில் நிறுத்திக்கொண்டார்.

கீல் பக்கத்து ரப்பர் குழாயை உரித்தேன்.
கறுப்பு வயர். மேலே ஒரு கீறல் இல்லை.
விரலால் மடித்துப் பார்த்தால்
ஓரிடத்தில் மட்டும் எலும்பில்லை.
வெட்டினேன். செம்பு இழைகள் அத்தனையும் அறுந்து
ஒரே ஒரு மயிரிழை
மீட்டருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

ஈயம் உருகும் வாசனையில்
இருவரும் சற்று நேரம் பேசவில்லை.

பிறகு அமுக்கினார்.
வானம் இறங்கியது.
புகைபோக்கி, மின்கம்பி, மலைச்சரிவின் பலகை வேலிகள்,
ஒரு பஸ்ஸின் கூரை, பஸ்,
என் சிவந்த மூக்கு,
அதையும் தாண்டிச் சக்கரம் வரை போய்
திரும்ப மேலே வந்தது.
குழந்தைபோல இன்னும் நான்கு முறை.

"இதை என்ன செய்வது?" பொட்டலம்.
"விற்றவன் திருப்பி எடுக்கமாட்டான்."
"எடுக்கமாட்டான்."

தெருமுனையில் ஒருத்தி கைநீட்டினாள்.
ஏறினாள். கதவைச் சாத்திய சத்தம்
இங்கே, என் பட்டறைக்குள், கேட்டது.