நாலு நிமிடம் பதினாறு நொடி

லியெபாயா துறைமுகக் காற்று
சன்னல் சட்டத்தைப் பிடித்து உலுக்கிய பிப்ரவரி.
மீன் அடைக்கும் ஆலையைப் பற்றிய
பழைய பேட்டி ஒன்றுக்கு
எழுத்துவரி கோத்துக்கொண்டிருந்தேன்.

திரையில் ஸ்கைத்ரீதே பேசுகிறாள்,
இருபத்தாறு வருஷம் தகர டப்பாக்களோடு நின்றவள்.
அவள் வாய் திறக்கும்போது வரி வரவேண்டும்,
மூடும்போது போகவேண்டும்.
இவ்வளவுதான் வேலை.
என் நிரல் நொடிக்கு நாலு தடவை
ஓடும் படத்தை எட்டிப் பார்த்து
மணி என்ன என்று கேட்கும்.
வந்த பதிலுக்கு உரிய வரியை எடுத்து ஒட்டும்.
எல்லாம் சரியாகத்தான் இருந்தது, எனக்கு.
எனக்குக் காது கேட்கும்.

சோதித்துப் பார்க்க வந்தவர் இல்க்வர்ஸ்.
பிறந்ததிலிருந்தே ஓசை அறியாதவர்.
காபி ஆறும்வரை பார்த்தார்.
நாலு நிமிடம் பதினாறு நொடியில்
விரலை வைத்து
எழுதிக் காட்டினார்:
இங்கே அவள் உதடு அசைந்தது. சொல் எங்கே?

ஒலியைக் கூட்டினேன்.
பக்கத்தில் நின்ற வெல்தாவின் கையுறை
பெல்ட்டில் சிக்கிய நாளைச் சொல்லிக்கொண்டே வந்தவள்
திடீரென்று, அன்றைக்குப் போலவே கத்துகிறாள்:
'நிறுத்து!'
எங்கள் மொழியில் அது ஒரே அசை.
கால் நொடிகூட இல்லை.
என் நிரல் ஒருமுறை எட்டிப் பார்த்து
மறுமுறை எட்டிப் பார்ப்பதற்குள்
சொல் வந்து போய்விட்டது.

அடுத்த வரியில் அவளே சொல்கிறாள்:
மெஷின் இரைச்சல். யாருக்கும் கேட்கவில்லை.

படத்தை அங்கேயே நிறுத்திவிட்டு
இல்க்வர்ஸைப் பார்த்தேன்.
அவர் சர்க்கரைப் பொட்டலத்தைக் கிழித்துக்கொண்டிருந்தார்.

மாலை முழுக்கப் பழைய நிரலைப் பிய்த்தேன்.
இனி மணி கேட்டுத் திரியப் போவதில்லை.
ஒவ்வொரு வரியின் வாசலிலும் ஓர் ஆள்:
நுழைந்தால் ஒரு குரல், வெளியேறினால் ஒரு குரல்.
ஓடுகிற படத்தில் எந்தப் பொடிச் சொல்லும்
தகவல் இல்லாமல் கடந்துவிட முடியாது.

ஆனாலும் நுழைந்த கையோடு வெளியேறியது அது,
இந்தக் காற்றில் உரசிய தீக்குச்சி மாதிரி.
வெளியேறும் குரலைக்
கேட்டும் கேளாதவன் போல
இரண்டு நொடி வரியை விட்டுவைத்தேன்.
அவள் உதடு மூடிவிட்டது,
கண்ணைத் துடைக்க இன்னும் கை எழவில்லை,
கீழே கறுப்புப் பட்டையில்
'நிறுத்து!'
நின்றது.

இல்க்வர்ஸ் பார்த்தார். தலையசைத்தார்.
பிறகு ஓட்டப்பட்டையின் குமிழைப் பிடித்து
மூன்றாம் நிமிடத்திலிருந்து ஆறுக்கு இழுத்தார்.
தாண்டிக் குதித்தால்
இடையில் இருக்கும் எந்த வாசலிலும் குரல் எழாது.
அந்தச் சொல் வரவில்லை, ஆகவே போகவுமில்லை.
ஸ்கைத்ரீதே வேறெதையோ,
ஆலையில் கொடுத்த அளவு பெரிய பூட்ஸைப் பற்றி
சிரித்துச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இதற்கு? என்று புருவத்தை உயர்த்தினார்.
கையை விரித்தேன்.

கொஞ்ச நேரம் அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டு
அவரே குமிழைப் பின்னால் நகர்த்தினார்,
நாலு பன்னிரண்டுக்கு,
கையை எடுத்துவிட்டுக் காத்திருந்தார்.