படித்ததாகக் குறி

மேய்டன் வார்ஃபின் சர்க்கரைக் கிடங்கு வாசனை
ஜன்னலைச் சாத்தினாலும் உள்ளே வரும்.
அன்று அதன் பின்னாலேயே பூபாலன் நாயக்கரும் வந்தார்.
மூன்று கன்டெய்னர், ஐந்து நாள்,
நாளொன்றுக்கு இத்தனை ராண்டு தண்டம்,
சுங்கத்திலிருந்து ஒரு மெயில்கூட வரவில்லை,
உன் சர்வர் தின்றுவிட்டது என்றார்.

என் சர்வருக்கு வயிறு கிடையாது.
வாங்கும், கொடுக்கும்,
எத்தனை மணிக்கு என்று எழுதிவைக்கும்.
பதிவேட்டைத் திறந்தேன்.
திங்கள், 9.14. சுங்கத்திலிருந்து பூபாலனுக்கு.
இருநூற்றைம்பது, சரி.
செவ்வாய், 11.02.
இருநூற்றைம்பது, சரி.

வரவில்லை என்கிறார் மனிதர்.
கொடுத்தேன் என்கிறது இயந்திரம்.
இரண்டு பேருமே பொய் சொல்லாத வழக்குகள்தான்
என் மேஜைக்கு அதிகம் வருகின்றன.

ஸ்பேம் கூடையைக் கிளறினேன்:
எவனோ ஓர் இளவரசன், முடி வளரும் எண்ணெய், எங்கள் வங்கியைப்போல ஒரு வங்கி.
பெட்டி நிறையவில்லை. வரிசையில் எதுவும் தேங்கவில்லை.
இரண்டு மணிக்கு மின்சாரம் போனது, அட்டவணைப்படி.
யுபிஎஸ் சுவர்க்கோழிபோலக் கத்த
கடைசியாக அவரையே உட்காரவைத்து
விதிகளைத் திறக்கச் சொன்னேன்.

ஏழு விதிகள்.
ஆறு எல்லாரிடமும் இருப்பவை,
முதலாளி எழுதினால் சிவப்பு, விளம்பரம் என்றால் குப்பை.
எல்லாவற்றுக்கும் மேலே, மூன்று வருடம் முந்தைய தேதியில் ஒன்று:

தலைப்பில் ‘ரிலீஸ்’ இருந்தால்
‘பிறகு’ என்ற அடைவுக்கு அனுப்பு.
படித்ததாகக் குறி.
இதற்குமேல் வேறு விதி பார்க்காதே.

சுங்கத்தின் புதிய மென்பொருள்
போன வாரம்தான் தலைப்பில் அந்தச் சொல்லைச் சேர்த்திருக்கிறது.
அது புரிந்தது.
மூன்று வருடம் முன்பு எதற்கு என்று
நான் கேட்டிருக்க வேண்டாம்.

துறைமுகத்தில் ரிலீஸ் என்றால் சரக்கு.
வெஸ்ட்வில் சிறையில் ஆள்.

இங்கிலீஷில்தான் சொன்னார்,
‘தம்பி’ என்ற சொல்லை மட்டும் தமிழில்.
தேஷன். வக்கீல் எழுதும்போதெல்லாம்
திரையின் மூலையில் தலைப்பு துள்ளி எழுமாம்.
முதுகுக்குப் பின்னால் யாராவது நிற்பார்களாம்,
கையில் இன்வாய்ஸோடு.

அடைவைத் திறந்தார்.
படிக்காதவை தடித்த எழுத்தில் நின்று கூப்பிடும்.
இங்கே பதின்மூன்றும் மெலிந்து,
யாரோ பார்த்துவிட்டுப் போன முகத்தோடு.
ஒன்பது சுங்கம். நான்கு வக்கீல்.

நான் ஜன்னலுக்குப் போய் ஒரு கிரேனைப் பார்த்தேன்.
அது எதையும் தூக்கவில்லை.

“முகவரி கேட்கிறார்கள்,” என்றார் பின்னாலிருந்து.
“பரோலில் விட்டால் யார் வீட்டில் இருப்பான் என்று.”
எப்போது கேட்டது?
“மார்ச்.”
காலண்டரில் ஜூலை.

கொஞ்ச நேரம் கழித்து,
“நான் பார்க்கவில்லை என்று அவர்களுக்குத் தெரியுமா?”

தெரியாது சார்.
வாங்கிக்கொண்டோம் என்பது மட்டும் தெரியும்.

விதியை நான் அழிக்கவில்லை.
அனுப்புநர் வக்கீலாக இருந்தால் மட்டும் என்று
ஒரு நிபந்தனையைச் சேர்த்தேன்.
‘படித்ததாகக் குறி’க்கு எதிரே இருந்த டிக்கை
அவரைக் கேட்காமல் எடுத்தேன்.
லாரிக்காரனுக்கு நானே போன் செய்தேன்.

அதற்குள் அவர் எழுத ஆரம்பித்திருந்தார்.
வணக்கமில்லை, மன்னிப்பில்லை,
வீட்டு எண், தெரு, சாட்ஸ்வர்த், அஞ்சல் குறியீடு.
ஒருமுறை அழித்து, அதையே மறுபடி.

4.37க்கு எங்கள் சர்வர் அதை வாங்கியது.
வீட்டுக்குப் போகும் பஸ் போய்விட்டது.
அந்தப் பக்கத்து சர்வர் என்ன சொல்கிறது என்று
பதிவேட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தேன்.