நேரக் கடிகாரத்தின் பக்கத்தில் ஒரு தாள்

நவம்பர். ஆஸ்திராவா.
மூன்றாவது அச்சுத்தண்டும் வெடித்துவிட்டது.
சம்மட்டியின் கீழ் அல்ல, கடைசலிலும் அல்ல.
எல்லாம் முடிந்து, எண் பொறித்து,
கொட்டகையில் கிடத்திய ஒன்பதாம் நாள் இரவு,
யாரும் தொடாதபோது.
"டக்கென்று ஒரே சத்தம்,
தன் பாட்டுக்கு" என்றார் காவலாளி.

ஆய்வுக்கூடத்திலிருந்து அறிக்கை வந்தது.
நாற்பத்தொரு பக்கம், பதினேழு வரைபடம்,
டாக்டர் ஸ்பினெக்கின் சாய்ந்த கையெழுத்து.
அதைப் பட்டறைக்கு ஒரே பக்கத்தில் சொல்லவேண்டும்.
எனக்குச் சம்பளம் அதற்குத்தான்.

முதல் தாளில் எழுதினேன்:
வெப்பநிலை சரியச் சரிய
ஹைட்ரஜனின் கரைதிறன் குன்றுவதால்
நுண்குழிகளில் அழுத்தம் மிகுந்து…
நேரக் கடிகாரத்தின் பக்கத்தில் குத்தி வைத்தேன்.
மறுநாள் யாரோ அதில்
தொத்திறைச்சி மடித்துத் தின்றிருந்தார்கள்.
எண்ணெய் ஊறி, எழுத்துக்கு அப்பால் விரல் தெரிந்தது.
அந்த அறிக்கை தெளிவாக இருந்தது
அன்று ஒருநாள்தான்.

இரண்டாவது தாளில் பீர் புட்டி வரைந்தேன்.
மூடி திறக்கிறது, நுரை பொங்குகிறது,
அம்புக்குறி போட்டு: இதுபோலத்தான் வாயுவும்.
கீழே பென்சிலில் பதில் இருந்தது:
"பீர் பற்றி எங்களுக்குத் தெரியும்.
எஃகு பற்றிச் சொல்லுங்கள்."

மூன்றாவது ஒற்றை வரி.
ஈரம் படாமல் பார்த்துக்கொள்ளவும். இப்படிக்கு, நிர்வாகம்.
அதை யாரும் கிழிக்கக்கூட இல்லை.

பிறகுதான் உடைந்த துண்டைச் சுமந்துகொண்டு
நானே இறங்கிப் போனேன்.
முறிந்த முகத்தில் வட்ட வட்டமாய் வெள்ளிப் புள்ளிகள்,
மீனை உரசிய பலகைபோல.
பாரந்தூக்கி ஓட்டும் விளாஸ்தா ஏணியில் நின்றபடியே பார்த்தாள்.
காஞோக் கையுறையைக் கழற்றி
ஒரு புள்ளியை நகத்தால் சுரண்டினான்.
"மழைச் செதில்" என்றான்.

என்ன செதில்?

"மழை பெய்த வாரத்து உருக்கில்தான் இது வரும்.
கூரை ஓட்டை சுண்ணாம்புத் தொட்டிக்கு நேர்மேலே.
பாதி நீறிப்போனதைத்தான் உலைக்குள் அள்ளிப் போடுகிறோம்.
மூன்று வருஷமாக எழுதிக் கொடுக்கிறோம் மேலே."
கொஞ்சம் நிறுத்தி, கோபமில்லாமல் கேட்டான்:
"அவர்கள் எழுதுவதை எங்களுக்குப் புரியவைக்க
நீங்கள் இருக்கிறீர்கள்.
நாங்கள் எழுதுவதை அவர்களுக்குப் புரியவைக்க
யார் இருக்கிறார்கள்?"

பதில் சொல்லவில்லை.
அலமாரியில் கிடந்தன அந்தக் கடுதாசிகள்,
பதினொன்று, "கூரை: இதர" என்ற கோப்பில்.
அறிக்கையின் முப்பத்தாறாம் பக்கத்தில் ஒரு வரி:
ஈரத்தின் மூலம் கண்டறியப்படவில்லை.

இரண்டு நாள் பணிமுறைப் பதிவேட்டோடு
வானிலைக் குறிப்பை ஒப்பிட்டுக் கோடு போட்டேன்.
பதினெட்டாவது வரைபடம்.
டாக்டர் ஸ்பினெக் அதை நெடுநேரம் பார்த்தார்.
அவருக்குப் புரிகிற மொழி அது.

நான்காவது தாள் இப்படிப் போனது:

நனைந்த சுண்ணாம்பு உலையில் விழுந்ததும்
நீர் ஆவியாகிப் போய்விடும் என்று நினைக்கிறோம்.
முழுதும் போவதில்லை. உடைந்து,
அதில் ஒரு பங்கு எஃகுக்குள் புகுந்துகொள்கிறது.
உருகியபோது இடம் உண்டு. இறுகும்போது இல்லை.
நிதானமாக ஆறவிட்டால் வந்த வழி தேடி வெளியேறும்.
அவசரப்படுத்தினால் உள்ளேயே கூட்டம் கூடி
ஒருநாள் இரவு சுவரை உடைக்கும்.
ஆகவே சாம்பலில் மூன்று நாள்.
இதைக் கண்டவர்கள்: ஆய்வுக்கூடமும் இரண்டாம் பணிமுறையும்.

கூரைக்குத் தார்ப்பாய் வந்தது, ஓடு இன்னும் வரவில்லை.
தாள் இருக்கிறது. கடைசி வரிக்கு முந்தியதில்
"மூன்று" அடிக்கப்பட்டிருக்கிறது,
பென்சிலில்:
நான்கு. பனிக்காலத்தில் ஐந்து.

கையெழுத்து யாருடையது என்று கேட்கவில்லை.
அளந்து பார்த்தோம்.
ஐந்துதான்.