பின்னிருக்கை

நூற்றிருபது ரிங்கிட்டுக்கு
ஜெலுத்தோங் பழைய சாமான் கடையில்
ஆ பெங் தள்ளிவிட்ட சைக்கிளில்
குழந்தை உட்காரும் இருக்கை ஒன்று
பின்னால் ஒட்டிக்கொண்டே வந்தது.
திருகாணி நான்கும் துரு.
தேங்காயெண்ணெய் விட்டேன்
மண்ணெண்ணெய் விட்டேன்
கெட்ட வார்த்தை ஒன்றும் விட்டேன்.
அசையவில்லை.

சரி, இரு என்றேன்.

கேன்டீன் சுவரில் நோட்டீஸ் பார்த்தது நோர்லைலா.
நானூறு மீட்டர் கடல்
பதினெட்டு கிலோமீட்டர் சாலை
நான்கு கிலோமீட்டர் கால்.
இரண்டு பேரும் பேர் கொடுப்போம் என்றாள்.
கொடுத்த மறுவாரம்
அவள் முழங்கால் வாபஸ் வாங்கியது.
பணம் திரும்ப வராது என்பதால்
நான் மாட்டிக்கொண்டேன்.

பாயான் லெப்பாஸில் பத்தொன்பது வருடம்
நுண்ணோக்கிக்குள் குனிந்து
மயிரிழைக் கம்பிகளை எண்ணுகிறவள் நான்.
சுத்த அறைக்குள் கடிகாரம் கூடாது.
வெறும் மணிக்கட்டு பழகிவிட்டது.
ஆகவே கடலிலும் எண்ணினேன்.

இரவு ஷிஃப்ட் முடிந்து
தஞ்சோங் பூங்காவில் இறங்கி
மிதக்கும் பள்ளிவாசலின் மினாராவைக் குறிவைத்து நீந்துவேன்.
ஆறு கைவீச்சுக்கு ஒருமுறை தலை தூக்கினால்
மினாரா இடப்பக்கம்.
இன்னும் ஆறு.
வலப்பக்கம் போயிருக்கும்.
மினாரா நகராது என்று
எனக்குத் தெரியும்.

பதினெட்டு ரிங்கிட் கண்ணாடியில் பனி படியும்.
எச்சில் தடவு, போதும் என்றாள் நோர்லைலா
கரையில் நாசி லெமாக் பிரித்தபடி.
உண்மைதான்.
அந்த ஒன்றுக்குத்தான் அவள்
காசு செலவழிக்க விடவில்லை.

தெலுக் பஹாங் போகும் மேட்டில்
இருக்கை டக டக என்று அடிக்கும்.
அடி சீராக இருந்தால் வேகம் சரி.
பல் கிட்டினாற்போல் நடுங்கினால் இறக்கம்.
அடியே இல்லையென்றால்
நான் இறங்கித் தள்ளிக்கொண்டிருக்கிறேன்.

மூச்சு வாங்காமல்
ஒரு வாக்கியம் பேச முடிந்தால்
அதுதான் உன் வேகம் என்று
நூலகப் புத்தகம் ஒன்றில் படித்தேன்.
பேசினேன்.
கெம்போங் மீன் விலை ஏறிவிட்டது.
சூப்பர்வைசர் விசிலடிக்கும்போது மேல்பல் ஆடுகிறது.
அந்த வளைவில் ஒரு குரங்கு
யாரோ விட்டுப்போன ஒற்றைச் செருப்பை வைத்திருக்கிறது, பார்.

பின்னால் யாரும் இல்லை.
இருந்தாலும்
ஒரு பதில் வந்து போகும் அளவுக்கு
இடைவெளி விட்டுத்தான்
அடுத்ததைச் சொல்வேன்.

யாரும் எனக்குச் சொல்லாதது ஒன்று:
ஈரக்கால் காலுறைக்குள் போகாது.
நீந்தத் தெரிந்தும் மிதிக்கத் தெரிந்தும்
மணலில் ஒற்றைக்காலில் நின்று
ஒரு முழத் துணியோடு மல்லுக்கட்டி
விழுந்தேன், மூன்று ஞாயிற்றுக்கிழமைகள்.
நான்காவது ஞாயிறு
முகத்துக்குப் போடும் பவுடரை
ஷூவுக்குள் கொட்டினேன்.

போட்டியன்று
பக்கத்தில் நின்றவரின் ஒரு சக்கரம்
என் சைக்கிளைப்போல் முப்பது வாங்கும்.
கைக்கடிகாரம் அவர் நாடியைப் படித்துச் சொன்னது.
என் தலையில் பக்கத்து வீட்டுப் பையனின் ஹெல்மெட்
டைனோசர் வாய் பிளந்தபடி.
அதிகாரி ஒருவர் இருக்கையை ஆட்டிப் பார்த்தார்.
குழந்தை எங்கே அக்கா?
கழலாது என்றேன்.
அதற்கு மேல் அவரும் கேட்கவில்லை.

கடலில் யாருடைய குதிகாலோ என் மூக்கில்.
ஆறு என்று எண்ணுவதற்குள்
நான்கிலேயே உப்புநீர் குடித்தேன்.
சைக்கிளை விட்டு இறங்கியபோது
கால்கள் என்னுடையவை அல்ல;
யாரோ கழற்றி வைத்ததை
அவசரத்தில் மாட்டிக்கொண்டு வந்தாற்போல.
கடைசிக் கிலோமீட்டர் வரை
எனக்குப் பின்னால் ஒருவர் இருந்தார்.
பிறகு அவரும்
மன்னிக்கணும் என்று சொல்லித் தாண்டிப் போனார்.

எவ்வளவு நேரம் ஆச்சு? என்றாள் நோர்லைலா.
எதிரே ரோட்டி சானாய் கல் இன்னும் சூடாக இருந்தது.
அவ்வளவுதான் ஆச்சு என்றேன்.

வீட்டுக்குத் தள்ளிப் போகுமுன்
நனைந்த துண்டைச் சுருட்டி
பின்னிருக்கையில் வைத்து
வாரை இழுத்துப் பூட்டினேன்.
எல்லாம் துருப்பிடித்த சைக்கிளில்
அது மட்டும்
முதல் அழுத்தலிலேயே
க்ளிக்.