பிழை நீக்கம்

வடபழஞ்சியில் மூன்றாம் மாடி.
இரவு பத்து மணிக்கு எனக்குக் கடல் திறக்கும்.
தண்ணீர் இருக்காது.
தண்ணீரைக் கழித்தபின் மிஞ்சும் தரைதான்
எனக்குச் சம்பளம் தருகிறது.

கப்பல் ஒலியைக் கீழே அனுப்பும்.
நாலாயிரம் மீட்டர் போய்த் தொட்டுத் திரும்ப
ஐந்தரை விநாடி.
என் வீட்டில் யாராவது அவ்வளவு நேரம் கழித்துப் பதில் சொன்னால்
கோபம் என்று அர்த்தம்.
தரைக்குக் கோபம் கிடையாது.
கேட்கும்போதெல்லாம் சொல்லிவிடுகிறது,
இங்கேதான் இருக்கிறேன் என்று.

அந்தரத்தில் நிற்கும் புள்ளி பிழை.
குமிழி பிழை. கப்பல் குலுங்கியது பிழை.
மீன் கூட்டமும் பிழைதான்:
தரைக்கு மேலே ஒரு பொய்த்தரை போல மிதக்கும்,
வளைத்து அழிக்க வேண்டும்.
கொடியில் மீன் வைத்திருந்த ஊரில் உட்கார்ந்து
நேற்று மட்டும் மூன்று கூட்டம் அழித்தேன்.
"விடுடி, அதுங்க அப்பவே வேற எங்கயோ போயிருக்கும்"
என்றாள் உம்முசல்மா.

கடலடி ஒரு பெரிய கிண்ணம் என்றுதான் நினைத்திருந்தேன்.
கரையோரம் திட்டாக வெகுதூரம் போகிறது,
யோசிக்காமல் சரிகிறது,
பிறகு சமவெளி.
மேலூர்க் கண்மாய்கூட அவ்வளவு மட்டமில்லை.
செத்த சிற்றுயிர்களின் ஓடும் தூசியும்
ஆயிரம் வருடத்துக்கு ஒரு விரற்கடை படியுமாம்.
பாண்டியர் காலம் முழுவதும் அங்கே
என் சுண்டுவிரல் உயரம்.

வங்காள விரிகுடாவுக்கடியில்
கங்கை கொண்டுவந்து கொட்டிய மண்
இலங்கையைத் தாண்டியும் விசிறியாக விரிந்து கிடக்கிறது.
வைகை மண்ணைத் தேடினேன்.
இல்லை.
பாதி கண்மாயில் நின்றுவிட்டது,
பாதி லாரி ஏறிவிட்டது.
நான் முதுகு சாய்த்திருக்கும் சுவரில்
கொஞ்சம் இருக்கலாம்.

புதன்கிழமை, விடிகாலை மூன்று மணி.
எந்த வரைபடத்திலும் இல்லாத ஒரு மேடு.
ஆயிரத்து நூறு மீட்டர், தலை மட்டும் தட்டை.
ஒரு காலத்தில் எரிந்திருக்கிறது,
அலை அதன் உச்சியைச் சீவியிருக்கிறது,
அப்புறம் மெல்ல முழுகியிருக்கிறது.
பிழை என்றுதான் வளைத்தேன்.
விரல் பொத்தான்மேல்.
அடுத்த வரிசையிலும் இருந்தது.
அதற்கடுத்ததிலும்.
மைக்கேல்ராஜை எழுப்பினேன்.
கண்ணைக் கசக்கிப் பார்த்து, "மலைதாம்மா" என்றார்,
டீ வாங்கப் போய்விட்டார்.

பெயர் வைக்க எங்களுக்கு உரிமை இல்லை. ஓர் எண் கொடுத்தேன்.
ஜன்னலுக்கு வெளியே நாகமலை, படுத்தது படுத்தபடி.
அதன் முதுகுக்கு மேல்
மூவாயிரம் மீட்டர் தண்ணீரை ஊற்றிப் பார்த்தேன்.
அது அசையவில்லை.
எனக்குத்தான் மூச்சு முட்டியது.

காலையில் செல்லூருக்குத் திரும்பும் வழி.
பாலத்துக்குக் கீழே வைகையின் தரை:
ஆகாயத்தாமரை, ஒற்றைச் செருப்பு,
ஒரு எருமை, சாமிக்குப் போட்ட மாலை.
பழக்கதோஷத்தில் எதை அழிக்கலாம் என்று கண் தேடியது.
முழங்கால் தண்ணீரில் ஒருவர் வலையை உதறினார்,
உள்ளே ஏதோ மின்னியது.
என்னவென்று எட்டிப் பார்ப்பதற்குள்
பின்னால் ஷேர் ஆட்டோக்காரர்
ஹாரனில் கையை வைத்துவிட்டார்.