ஐந்தரை மணி நேரம்

வயிரவனின் ஃபைல் முழுவதும்
இந்தக் கண்ணாடியில் குப்புறப் படுத்து எழுந்ததுதான்.
டிகிரி, பாஸ்போர்ட்,
மெல்போர்ன் காலேஜ் இடம் கொடுத்த கடிதம்,
பேங்க் கேட்ட வில்லங்கச் சான்று.
பள்ளத்தூர் வீட்டில் அவர்களுக்கு ஆறில் ஒரு பங்கு.
அதை அடமானம் வைக்க
மற்ற ஐந்து பங்காளிகளும் கையெழுத்துப் போட்டார்கள்.
பினாங்கிலிருந்து ஒருவர் அனுப்பிய ஸ்கேன்
கோணலாக, கட்டைவிரலும் சேர்ந்து விழுந்திருந்தது.
நான்தான் விரலை வெட்டி நேராக்கிக் கொடுத்தேன்.
எல்லாம் மூன்று செட்.
சேவுகன் செட்டியார் அன்றைக்கு
மீதிச் சில்லறை வாங்கிக்கொள்ளவில்லை.

இன்று மத்தியானம்
கல்லுக்கட்டியில் நடமாட்டம் ஓய்ந்த நேரம்
தொப்பி போட்ட ஒருவன் வந்து நின்றான்.
"அக்கா, மெயில்ல ஒண்ணு இருக்கு. பிரிண்ட்."
குரல்தான் முதலில் தெரிந்தது.
"கலரா, கருப்பா?"
"கருப்பே போதும்."

நாலு பக்கம்.
வாடிக்கையாளர் காகிதத்தைப் படிக்கக் கூடாது,
தொழில் மரியாதை.
ஆனால் என் பழைய பிரிண்டர்
வரிவரியாகத்தான் துப்புகிறது,
கண்ணை எங்கே கொண்டுபோய் வைப்பது?
இன்ன தேதியிலிருந்து எந்தப் படிப்பிலும்
தாங்கள் பதிவில் இல்லை.
தாங்கள் தந்த விளக்கம் போதுமானதாக இல்லை.
ஆகையால் ரத்து.
கோபமாக ஒரு சொல் கிடையாது.
அன்புள்ள என்று தொடங்கி
தங்கள் உண்மையுள்ள என்று முடிந்திருந்தது.

"இன்னொரு செட் ஜெராக்ஸ் போடுங்கக்கா.
ஒண்ணு வக்கீலுக்கு.
ஒண்ணு..."
யோசித்தான்.
"வீட்டுக்கு."

நான் கேட்கவில்லை, அவனாகச் சொன்னான்.
ரெண்டாவது செமஸ்டர் பணத்தை
ஒரு மாசம் தள்ளிக் கட்டலாம் என்று இருந்தானாம்.
முட்டை அடுக்கும் கிடங்கில் ராத்திரி வேலை,
பகலெல்லாம் தூக்கம்.
"ஒரு நாள் காலேஜ் போர்ட்டல்ல
பாஸ்வேர்டு தப்புன்னு வந்துச்சு.
நாந்தான் தப்பா அடிக்கிறேன்னு
மூணு தடவை அடிச்சேன்க்கா."
சிரித்தான்.
நானும் சிரித்துத் தொலைத்தேன்.

வந்து ஆறு நாளாகிறது.
பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் லாட்ஜ்.
ஜன்னலைத் திறந்தால்
பள்ளத்தூர் டவுன் பஸ் கிளம்புவது தெரியுமாம்.
"அப்பா தினம் போன் போடுறாரு.
அங்க வெயிலா மழையாங்குறாரு.
செல்லுல பாத்துச் சொல்றேன்."

பதினாறு ரூபாய்.
வேண்டாமென்றேன்.
இருபதை வைத்துவிட்டுப் போனான்,
அவனும் மீதி வாங்கவில்லை.

ஏழு மணிக்குச் செட்டியார்.
ரேஷன் கார்டு, ஒரு காப்பி.
மூடியைத் தூக்குகிறேன்,
நாலாவது பக்கம் அங்கேயே கிடக்கிறது,
முகம் கீழே,
முதுகு வெறும் வெள்ளை.
"யாரோ மறந்துட்டுப் போயிருக்காக போல."
"ஆமாண்ணே. வேஸ்ட்டுத்தான்."
சொன்ன பிறகு
நாக்கைக் கடித்துக்கொண்டேன்.
தாளை பில் புத்தகத்துக்கு அடியில் செருகி
கார்டை வைத்து மூடினேன்.
வெளிச்சம் ஒரு தடவை போய்வந்தது.
நாலு பேர் விழுந்தார்கள்.
மூன்றாவது வரியில் வயிரவன்,
யாரும் அடிக்கவில்லை.

வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார்.
"அங்க இப்ப மணி என்னம்மா இருக்கும்?"
கம்ப்யூட்டர் மூலையில் ஏழு ஐந்து.
மாசியில் ஐந்தரை கூட்ட வேண்டும்.
கூட்டினேன்.
"பன்னண்டு முப்பத்தஞ்சுண்ணே."
"அடடா. தூங்கியிருப்பான்."
கையிலெடுத்த போனைச்
சட்டைப்பையில் போட்டுக்கொண்டு
பஸ் ஸ்டாண்டைப் பார்க்க நடந்தார்.